மெய் சிலிர்ப்பது ஏன்?

"இசைக்கு உருகாத உள்ளமும் உண்டோ?" என்று தொடங்குவதுதான் இத்தகைய கட்டுரைகளின் வழக்கம். உண்டு என்று சொல்வதற்காகவே நாங்கள் இதனை எழுதுகிறோம். அவ்வுள்ளம் எங்கள் வகுப்பிலேயே, எங்கள் பெஞ்சிலேயே இருக்கிறது. அதற்கு உரியவளின் அனுமதி பெற்றுத்தான் எழுதுகிறோம். பெயரை மட்டும் எழுதக் கூடாது என்பது அவள் இட்ட நிபந்தனை.

சென்ற ஆண்டு பெரிய வெள்ளிக்கு எங்களுள் நால்வர், தோழி ஒருத்தியின் சொந்த ஊருக்குப் போயிருந்தோம். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய சிற்றூர் அது. கோயில் வாசலில் நின்றால் அலை கேட்கும். அன்று அலையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் 'உன்னதங்களிலே' கீதத்தின்போது ஒலிக்கும் மணி, அதன்பின் பாஸ்கா இரவுவரை வாய் திறப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் மரக்கட்டையைத் தட்டித்தான் மக்களை அழைப்பார்கள். வறண்ட, ஈரமில்லாத ஓசை அது.

இருட்டிய பின் வியாகுல பிரசங்கம் வாசித்தார்கள். அந்நூலை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவில் பிறந்து, இலங்கையில் மறைப்பணியாற்றி, 1742-இல் மறைந்தவர். கடலுக்கு அக்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், இக்கரையில் நம் கடற்கரை ஊர்களிலும் தவக்காலம் வந்தால் அந்நூலைக் கையில் எடுப்பவர்கள் உண்டு. வாசித்தார்கள் என்று சொன்னோமே தவிர, அது வாசிப்பும் அன்று, பாட்டும் அன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் இழுவை. வாசித்தவர் ஒரு முதியவர். மூச்சு முடியப்போகும் இடத்தில் குரலைச் சற்றே மேலே தூக்கி, அங்கே ஒரு கணம் நிறுத்திப் பிறகு சரியவிடுவார். ஒவ்வொரு சரிவிலும் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு விம்மல் எழும்பும். எங்களுள் ஒருத்தி குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்குச் சொற்களில் பாதி விளங்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. பழைய தமிழ் அல்லவா?

அழுதவளைக் கண்டு, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தோழியின் அத்தை மகன்மார் சிரித்தார்கள். "சினிமா பாத்தாலும் இவ இப்படித்தான் அழுவா போல" என்றான் ஒருவன். அது போகட்டும். பையன்கள் அப்படித்தான். ஆனால் வீடு திரும்பும் வழியில் வேறொன்று நடந்தது. நால்வருள் மற்றொருத்தி முழு நேரமும் கண் கலங்காமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். தோழியின் பெரியம்மா அதைக் கவனித்திருக்கிறார். "ஏட்டி, கல்லு மாதிரி உக்காந்திருந்தியே, மாதா பட்ட பாடு ஒனக்கு ஒறைக்கவே இல்லையா?" என்று கேட்டுவிட்டார். கோபத்தில் கேட்கவில்லை, வியப்பில்தான் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாடகர் குழுவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாள். எங்கள் குழுவில் சுருதி பிசகாதவள் அவள் ஒருத்திதான். "ஒண்ணுமே தோணாதவ எதுக்குப் பாடணும்?" என்றாள்.

ஒருத்தி அழுதது கேலிக்கு உரியதா? ஒருத்தி அழாதது குறைக்கு உரியதா? இவ்விரு கேள்விகளும் எங்களை ஓராண்டாக விடவில்லை. நூலகத்தில் தேடினோம், ஆசிரியைகளைக் கேட்டோம், வீட்டில் பெரியவர்களைத் தொந்தரவு செய்தோம். எங்களுக்குத் தெளிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் தமிழ் இலக்கணமே இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள் அதில் கூறப்படுகின்றன. மெய் என்றால் உடல். உள்ளத்தில் நிகழ்வது உடலின்மேல் தோன்றுவதுதான் மெய்ப்பாடு. ஆகவே இசை கேட்டுக் கண்ணீர் வருவதும் மயிர்க்கூச்செறிவதும் நாணத்தக்க செயல்கள் அல்ல. இலக்கணம் ஏற்றுக்கொண்ட செயல்கள். சிரித்த அத்தை மகன்மாருக்கு இதுவே போதும்.

உடலில் என்ன நடக்கிறது என்பதை எங்கள் உயிரியல் ஆசிரியை விளக்கினார். ஒவ்வொரு மயிரின் வேரிலும் நுண்ணிய தசை ஒன்று இருக்கிறது. குளிரிலும் அச்சத்திலும் அது சுருங்கும், மயிர் நிமிரும். பூனை நாயைக் கண்டு சிலிர்ப்பதும் இதனால்தான். நாம் ஏவி அது நடப்பதில்லை. இதயத்தையும் வியர்வையையும் நம்மைக் கேளாமல் நடத்துகின்ற அதே நரம்பு மண்டலம்தான் இதனையும் நடத்துகிறது. அப்படியானால் வீட்டில் மின்விசிறிக்கு அடியில், பகையும் இல்லாமல் குளிரும் இல்லாமல், வானொலிப் பாட்டு ஒன்றைக் கேட்கும்போது உடல் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

இதற்கு விடை தேடியவர்கள் பலர். 1980-இல் அமெரிக்காவில் ஏவ்ரம் கோல்ட்ஸ்டைன் என்ற அறிஞர், உடலுக்குள் தானே சுரக்கும் வலி தணிக்கும் பொருளைத் தடுக்கும் மருந்தைச் சிலருக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுக்குப் பிடித்த இசையைக் கேட்கச் செய்தார். அவர்களுள் சிலருக்குச் சிலிர்ப்பு குறைந்துவிட்டது. ஆகவே சிலிர்ப்பு வெறும் கற்பனை அன்று, இரத்தத்தில் கலந்த ஒன்று என்று தெரிந்தது. 1995-இல் யாக் பாங்க்செப் என்பவர் வேறொரு கருத்தைச் சொன்னார். தாயைப் பிரிந்த குஞ்சும் குட்டியும் எழுப்புகின்ற குரலுக்கும், இசையில் நம்மைச் சிலிர்க்க வைக்கும் தனிக்குரலுக்கும் உறவு இருக்கலாம் என்பது அவர் எண்ணம். இதைப் படித்தபோது பெரிய வெள்ளி இரவு எங்கள் நினைவுக்கு வந்தது. மேலே தூக்கி, நிறுத்தி, சரியவிடும் அந்தக் குரல் வேறு எதனைப் போல இருந்தது? இழவு வீட்டில் நம் பாட்டிமார் ஒப்பாரி வைப்பதைப் போல. ஒப்பாரி வைப்பவர் மூச்சு எங்கே உடையுமோ அங்கேதான் முதியவரின் குரலும் உடைந்தது. சொல் விளங்காமலே எங்கள் தோழி அழுததன் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அழுகின்ற மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பதைத் தொட்டில் நாளிலிருந்தே காது அறியும். அகராதி எதற்கு?

சொல் தேவையில்லை என்பதற்கு நம் மாவட்டமே சான்று. விளாத்திகுளம் சுவாமிகள் என்று போற்றப்பட்ட நல்லப்ப சுவாமிகள் (1889–1965), கரகரப்பிரியா இராகத்தை விரித்துப் பாடுவதில் பெயர் பெற்றவர். இராக ஆலாபனையில் பொருள் தரும் சொல் எங்கே இருக்கிறது? கோவில்பட்டியில் வாழ்ந்த நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் கருவிக்கு வாயே இல்லை. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாதசுரம் ஓடிப் பிடித்து விளையாடும் 'சிங்கார வேலனே தேவா' பாட்டைக் கேட்டு, எங்களுள் ஒருத்தியின் தாத்தா இன்றும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார். எத்தனையோ நூறு முறை கேட்ட பாட்டு! அடுத்து என்ன வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த பின்னும் ஏன் சிலிர்க்கிறது?

தெரிந்திருப்பதால்தான் சிலிர்க்கிறது என்று கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வலோரி சாலிம்பூர், ராபர்ட் சட்டோரே ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இது. அவரவருக்குப் பிடித்த இசையைக் கேட்கச் செய்து, மூளையில் டோபமின் என்ற பொருள் சுரப்பதை அளந்தார்கள். பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் சுரப்பதும் இதே பொருள்தான். பாட்டின் உச்சத்தில் அது சுரந்தது, அதில் வியப்பில்லை. உச்சம் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்ற வேளையில், மூளையின் வேறொரு பகுதியிலும் சுரந்தது. அதாவது, காத்திருப்பதற்கே உடல் ஒரு பரிசு தருகிறது.

இதனைப் படித்தவுடன் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாஸ்கா இரவை நினைத்துத்தான். வியாழன் மாலையிலிருந்து மணி இல்லை. மரக்கட்டை ஓசை. வெள்ளியன்று பீடம் வெறுமையாகக் கிடக்கும். சனி இரவு, இருளில் பாஸ்காத் திரி ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக வாசகங்கள். சின்னப் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். பிறகு குருவானவர் 'உன்னதங்களிலே' என்று எடுப்பார். அந்த நொடியில் கோபுர மணியும் கைமணிகளும் ஒன்றாக அதிரும், விளக்குகள் எரியும். அந்நேரம் கை மயிர் நிமிராதவர் அந்தக் கோயிலில் சிலரே இருப்பர். மணி அதே மணிதான். நாள்தோறும் மும்முறை கேட்பதுதான். இரண்டு நாள் அதனை நம்மிடமிருந்து எடுத்து வைத்திருந்து திருப்பித் தருகிறார்கள், அவ்வளவே. டோபமினைப் பற்றி அறியாத காலத்திலேயே திருச்சபை இதனை எப்படிக் கண்டுகொண்டது என்று நாங்கள் வியந்தோம்.

உடலை இசை ஆளும் விதத்தைக் கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் எடுக்க, மற்றவர் 'ஏலேலோ' என்று ஏற்க, ஏற்கும் இடத்தில்தான் கயிறு நகரும். இருபது பேர் இருபது விதமாக இழுத்தால் வலை வராது. பாட்டு இருபது முதுகுகளையும் ஒரே முதுகாக்கிவிடுகிறது. இயந்திரம் வந்தபின் அம்பா அருகிவிட்டது. எங்கள் தாத்தாமார் கேட்டால் மட்டும் பாடிக் காட்டுகிறார்கள். உட்கார்ந்தபடி பாடினாலும் அவர்கள் தோள் தானாக அசைகிறது! ஸ்வீடன் நாட்டு கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013-இல், சேர்ந்து பாடும் 18 வயது மாணவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். பாட்டின் அடிக்கு ஏற்ப மூச்சு. மூச்சை மெல்ல விடும்போது துடிப்பும் தணியும். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு விடுவதால் எல்லா இதயங்களும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினவாம். எங்கள் பாடகர் குழுவில் சண்டை போட்டுக்கொண்டு வந்து நின்ற இருவர், மூன்றாம் பாட்டு முடிவதற்குள் சமாதானமாகிவிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

முத்துக்குளிப்பிலும் இது உண்டு. நம் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, கடலில் இறங்குபவரைப் பெரிய மீன்கள் தீண்டாதவாறு மந்திரம் சொல்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாம். கடல்கட்டிகள் என்று அழைக்கப்பட்ட அவர்கள், 19-ஆம் நூற்றாண்டிலும் அக்கரையில் இருந்தார்கள். அக்குடும்பத்தின் அந்நாளைய தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று எமர்சன் டென்னன்ட் எழுதி வைத்திருக்கிறார். (இதனைப் படித்துக் காட்டியபோது எங்கள் சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த பக்கம் போங்கள்" என்றார்.) சுறாவின் வாய் கட்டுண்டதோ இல்லையோ, குளிப்பவரின் நெஞ்சுப் படபடப்பு கட்டுண்டிருக்கும் என்பது எங்கள் கருத்து. காலில் கல்லோடு இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி அள்ளிவிட்டு ஏற வேண்டியவர்களுக்கு, படபடப்பு மூச்சைத் தின்றுவிடும். மேலே தோணியிலிருந்து ஒலிக்கும் பழகிய குரல் அந்த மூச்சை மிச்சப்படுத்தியிருக்கும்.

'பழகிய' என்ற சொல்லை நாங்கள் வேண்டுமென்றே எழுதினோம். எங்கள் வகுப்பில் படிக்கும் இந்துத் தோழி ஒருத்தி, தன் ஊர்க் கோயில் கொடையில் கணியான் கூத்து நடக்கும்போது, மகுடத்தின் அடி மாறியதும் தன் மாமாவுக்குச் சாமி வந்துவிடும் என்றாள். மற்ற நாட்களில் அவர் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகின்ற சாதுவான மனிதர். பேண்டு வாத்தியம் எத்தனை உரக்க அடித்தாலும் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. மகுடம் மெல்ல ஒலித்தாலும் கால் நடுங்கத் தொடங்கிவிடுமாம். எங்களுக்கு அந்த மகுடத்தைக் கேட்டால் தலைவலிதான் வரும். அவளுக்கு எங்கள் லத்தீன் பாட்டைக் கேட்டால் கொட்டாவி வரும். அவளே சொன்னாள். ஆகவே சிலிர்ப்பு பாட்டுக்குள் மட்டும் இல்லை. கேட்பவரின் உடல் எந்த ஊரில், எந்தத் திண்ணையில், யார் மடியில் வளர்ந்ததோ அதிலும் பாதி இருக்கிறது.

இனி எங்கள் இரண்டாவது கேள்வி. அழாதவள் குறைந்தவளா?

இதைப் பற்றி எழுதுவது எங்களுக்குக் கடினமாக இருக்கிறது. ஏனெனில் நாங்களும் தவறு செய்திருக்கிறோம். பாடகர் குழுவில் யார் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாளோ அவளே பக்தி மிக்கவள் என்று எண்ணியிருக்கிறோம். பாஸ்கா இரவில் சிலிர்ப்பு வந்தால், கடவுள் நம்மைத் தொட்டுவிட்டார் என்று ஒருவரோடொருவர் பெருமை பேசியிருக்கிறோம். ஆனால் அதே சிலிர்ப்பு 'சிங்கார வேலனே' பாட்டுக்கும் வருகிறதே? அழுத தோழியே இதனை மெல்லிய குரலில் எங்களிடம் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு அது பெரிய மனக்கவலையாக இருந்தது. அவள் கவலைக்கு ஒரு புனிதரின் துணை உண்டு. புனித அகுஸ்தீனார் தம் 'வாக்குமூலங்கள்' நூலின் பத்தாம் பகுதியில் இதையேதான் கவலைப்படுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடுகின்ற குரலே தம்மை அதிகம் அசைத்துவிட்டால் அது தம் குற்றம் என்கிறார். அதே மூச்சில், மனந்திரும்பிய தொடக்க நாட்களில் கோயில் பாட்டைக் கேட்டுத் தாம் கண்ணீர் வடித்ததையும் நினைவுகூர்கிறார். இறுதியில், கோயிலில் பாட்டு இருப்பதே நல்லது என்ற பக்கம் சாய்கிறார். அத்தனை பெரிய மறைவல்லுநரே இரு பக்கமும் ஆடியிருக்கும்போது, எங்கள் தோழி ஆடியதில் என்ன தவறு?

அழாத தோழியின் நிலை வேறு. 2014-இல் பார்சிலோனா நகர ஆய்வாளர்கள், இசையில் எந்த இன்பமும் காணாத சிலரைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. சுருதி தெரிகிறது. இது சோகப் பாட்டு, இது மகிழ்ச்சிப் பாட்டு என்று சரியாகச் சொல்கிறார்கள். பணம் கிடைக்கும் விளையாட்டு ஒன்றை ஆடச் செய்தால் மற்றவர்களைப் போலவே நெஞ்சு துடிக்கிறது. இசைக்கு மட்டும் இதயமும் அசைவதில்லை, தோலும் அசைவதில்லை. மனக்கல்லோ நோயோ காரணம் அன்று. காதுக்கும் மூளையின் இன்பப் பகுதிக்கும் இடையே உள்ள வழியே அவர்களுக்கு வேறு விதமாக அமைந்திருக்கிறது. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இப்படி இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் பள்ளிக் கூட்டத்தில் வரிசைக்கு இரண்டு பேராவது இருப்பார்கள் போலும்! மொன்றியல் ஆய்வுக்கோ, சிலிர்ப்பு உறுதியாக வருகின்றவர்களை மட்டுமே பொறுக்கி அழைத்திருந்தார்கள். எங்கள் தோழியை அங்கேயும் யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

அவள் அந்தச் சிலருள் ஒருத்தியா என்று சொல்வதற்கு நாங்கள் மருத்துவர்கள் அல்லர். முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் அமிர்தவர்ஷிணி பாடி மழையை வரவழைத்தார் என்று கதை சொல்வார்கள். அவர் 1835-இல் மறைந்ததும் அவ்வூரிலேதான். அவரே வந்து பாடினாலும் தன் கண்ணில் ஒரு துளி வராது என்கிறாள் எங்கள் தோழி. ஆயினும் ஒன்றை எங்கள் கண்ணால் கண்டோம். ஜூலை 26 அன்று பனிமய மாதா கோயிலில் கொடியேற்றத்துக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். கொடி ஏறுகின்ற வேளையில் பழைய துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு ஒலித்தது. மேள தாளம், வெடிச்சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு அந்த நீண்ட ஒற்றைச் சுரம் வந்தபோது, தற்செயலாக அவள் கையைப் பார்த்தோம். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மயிர் நிமிர்ந்து நின்றது. அவள் அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். காற்றுக் காலம் என்பதால் அன்று ஊரில்தான் இருந்தார். கூட்டத்தில் எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார். சங்கு ஒலி அவளுக்கு எதைச் சொல்லியது என்று நாங்கள் கேட்கவில்லை.

இதனை எல்லாம் எங்கள் பாட்டு சிஸ்டரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அன்னை தெரேசாவைப் பற்றிச் சொன்னார். அன்னையின் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோதுதான், பல பத்தாண்டுகள் அவர் செபத்தில் ஓர் ஆறுதலும் உணராமல் இருந்தார் என்பது உலகுக்குத் தெரிந்ததாம். உணராமலே நாள்தோறும் எழுந்து, கொல்கத்தாத் தெருக்களில் கிடந்தவர்களைத் தூக்கியிருக்கிறார். 2016-இல் அவரைப் புனிதராக அறிவித்தவர்கள், அவருக்கு எத்தனை முறை மெய் சிலிர்த்தது என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஒருத்தியின் பக்தியை அவள் கண்ணீரைக் கொண்டு அளப்பவர்கள், பெரியம்மாவானாலும் சரி, எங்களைப் போன்ற தோழியரானாலும் சரி, அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. சொல்வதற்குச் சிறிது பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிட்டோம்.

மறுநாள் சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "பாட வேண்டாம். பாஸ்காவுக்குக் கைமணி அடிக்க ஆள் வேண்டும், வருகிறாயா?" என்று மட்டும் கேட்டார். காரணம் உண்டு. சென்ற ஆண்டு கைமணி எங்கள் கையில் இருந்தது. குருவானவர் 'உன்னதங்களிலே' என்று எடுத்ததும் எங்களுக்குத் தொண்டை அடைத்து, கண் மறைத்து, கை நடுங்கி, மணி ஓர் அடி பிந்திவிட்டது. கோபுர மணி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஒத்திகை தொடங்கிவிட்டது. அவள் பாடகர் குழுவின் வலக்கோடியில், மணியின் நாவை விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எங்களுக்கு உடல் சிலிர்க்கத் தொடங்கும் இடத்தில் அவள் உதடு மெல்ல அசைகிறது. செபிக்கிறாளோ என்று உற்றுப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி